பெயர் தெரியாத பெண் குரல்

அந்தத் தெருவில் அவளை வார்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் முப்பத்துநான்கு வருஷம் வார்டு உதவியாளாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். ஊசி போடுவது மட்டும் அவள் வேலை இல்லை. மற்றதெல்லாம் அவள் வேலை. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டுவது, முதுகில் தோல் சிவக்கிறதா என்று பார்ப்பது, வெந்நீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பது, செத்தவர் வாயைக் கட்டுவது. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "ஷிஃப்ட் ஒத்து வரலை" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

அந்த முப்பத்துநான்கில் முதல் இருபது வருஷம் தினக்கூலி. ஓய்வூதியத்துக்கு அது செல்லாது. மிச்சத்தை வைத்து ஓய்வூதியம் கிடைக்க இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருந்தபோது, அண்ணனுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

அண்ணன் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். வார்டம்மா அவர் வீட்டில்தான் இருந்தாள். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. ஒரே மகன் வேறு ஊரில் வேலையில் இருந்தான். கடையில் சம்பாதித்ததில் பாதியை அவர் மெழுகு உருளைகளில் போட்டிருந்தார். இசைத்தட்டு வருவதற்கு முன்னால் பாட்டை உருளையில்தான் பதிவு செய்தார்கள். ஒரு டம்ளர் உயரம். உள்ளே வெற்றிடம், வெளியே தலைமுடியைவிட மெல்லிய வரிகள். அதைப் பாட்டுப்பெட்டியில் செருகிச் சாவி கொடுத்தால், குழாய்க்குள்ளிருந்து இரண்டு நிமிஷம் யாராவது பாடுவார்கள். தெருவில் அவரை "உருளை" என்பார்கள். "என்ன உருளை, கிலோ என்ன விலை?" என்று எதிர்க்கடைக்காரர் தினமும் கேட்பார். அண்ணனுக்குக் கோபம் வராது. "உன் கடைய வித்தாலும் ஒண்ணு வாங்க முடியாது, போய்யா" என்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நீ வேலைய விட்டுட்டு வந்துடு. வெளியாள் தொட்டா எனக்கு ஒத்துக்காது."

"வந்துட்டா? உங்களுக்கப்புறம் நான் எங்க போறது?"

பீரோவைக் கண்ணால் காட்டினார். "அதுல இருக்கறது பூரா உனக்கு. எழுதியே தர்றேன். வித்தா சின்னதா ஒரு வீடு வாங்கலாம். தனியா, யார் கையும் எதிர்பாக்காம."

எழுதியும் கொடுத்தார். வீடும் பாட்டுப்பெட்டியும் மகனுக்கு. நாற்பத்திரண்டு உருளைகள் தங்கைக்கு. ஐம்பத்துமூன்றாவது வயதில் வார்டம்மா வேலையை விட்டாள்.

பத்து வருஷம் அவள் இரண்டு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள். ஒன்று அண்ணன், இன்னொன்று பீரோ. உருளையை எடுக்கும் விதத்தை அண்ணன் கட்டிலில் இருந்தபடியே கற்றுக்கொடுத்தார். வெளிப்பக்கத்தைத் தொடவே கூடாது. இரண்டு விரலை உள்ளே விட்டு லேசாக விரித்துத் தூக்க வேண்டும். குளிர்ந்த காலையில் கை சூடாக இருந்தால் எடுக்கக் கூடாது. மெழுகு சட்டென்று வெடித்துவிடும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பிடித்தால் அது வரிகளைத் தின்றுவிடும், பிறகு பிரம்மனே வந்தாலும் பாட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வார்டம்மாவுக்கு இதெல்லாம் சுலபமாக விளங்கியது. வயசானவர்களின் தோலுக்கும் இதே சட்டம்தான்.

உருளை இருந்த அட்டை டப்பாவைப் பத்திரப்படுத்தச் சொல்லி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. சொல்ல வேண்டிய விஷயமென்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

எட்டாவது வருஷம் அவருக்கு மூளை குழம்ப ஆரம்பித்தது. தங்கையை அம்மா என்றார். மகனைக் கடைப் பையன் என்றார். நாள் முழுவதும் வலது கை சும்மா இருக்காது. போர்வையைப் பிய்க்கும், தன் தோலையே பிய்க்கும். ஒரு நாள் கட்டிலை ஒட்டியிருந்த பீரோவைத் திறந்து ஒரு உருளையைத் தவறவிட்டு உடைத்தார். இப்படிப்பட்டவர்களின் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்பது வார்டில் பாலபாடம். துண்டு மடிக்கக் கொடுத்தாள், தூக்கி எறிந்தார். பட்டன் கோக்கக் கொடுத்தாள், வாயில் போட்டுக்கொண்டார். கடைசியில் உருளைகளை எல்லாம் டப்பாவிலிருந்து எடுத்து, பீரோவுக்குள் மரக் குச்சிகள் அடித்த பலகையில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பூட்டினாள். காலி டப்பாக்களை அவரிடம் கொடுத்தாள்.

மனிதர் அமைதியாகிவிட்டார். மூடியைத் திறப்பார், மூடுவார். உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் மெள்ள மெள்ள உரிப்பார். கடிகாரம் பிரித்த விரல் அல்லவா, ஒரு டப்பாவைப் பிரித்துப் போட ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். தூக்க மாத்திரையே வேண்டியிருக்கவில்லை. வார்டம்மாவுக்குத் தன் யோசனையை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. அட்டைத் துணுக்குகளைத் தினம் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். நாற்பத்திரண்டு டப்பாவும் அவருக்கு ஒரு வருஷத்துக்கு வந்தன. அடுத்த வருஷம் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் முடிவதற்குள் அண்ணன் மகன் பாட்டுப்பெட்டியை ஒரு காபிக் கடைக்கு விற்றுவிட்டான். வாசலில் அழகுக்கு வைத்துக்கொள்ள வாங்கினார்களாம். பிறகு வீட்டுக்கு ஆள் பார்த்தான்.

"அவசரமில்ல அத்தை. மூணு மாசம் இருங்க" என்றான், ஏதோ தன் கைக்காசைப் போட்டுத் தருவதைப் போல.

"மூணு மாசம் கழிச்சு?"

"உங்ககிட்டதான் பீரோ இருக்கே."

ஆமாம், பீரோ இருந்தது. வார்டம்மா ஒரு ஏலக் கம்பெனிக்கு எழுதிப்போட்டாள். ஒரு மாதம் கழித்து, காலை பத்து மணிக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு சின்னப் பெட்டி. வந்ததும் பேச்சு வைத்துக்கொள்ளாமல் குழாயடியில் போய்க் கையைக் கழுவித் துடைத்து, கை ஆறும்வரை காத்திருந்தார். அதைப் பார்த்ததுமே வார்டம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அண்ணன் மகனும் அன்று வீடு சம்பந்தமாக வந்திருந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கூடவே உட்கார்ந்தான்.

ஏலக்காரர் டார்ச் அடித்து ஒவ்வொரு உருளையாகத் திருப்பிப் பார்த்தார். விரல் இரண்டும் உள்ளேதான் போயின.

"இத யாரும்மா பாத்துக்கிட்டது?"

"நான்தான்."

"பூஞ்சை ஒரு புள்ளி இல்ல. விரிசல் இல்ல. மியூசியத்துலகூட இப்படி நான் பாத்ததில்ல."

வார்டம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளுக்குள் ஒரு வீட்டின் கதவு திறந்தாகிவிட்டது. ஒரு அறை, ஒரு அடுப்பு, உள்ளேயே குளியலறை. அதற்கு மேல் அவள் ஆசைப்படவில்லை.

ஏலக்காரர் உருளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார். "இந்தக் கறுப்பு இருபத்தாறும் வார்ப்பு. அச்சுல ஊத்தி ஆயிரக்கணக்குல பண்ணது. விளிம்புல நம்பர் போட்டிருக்கு பாருங்க. பெரிசா வராது. இந்த நீலம் எட்டும் உடையாத ரகம். அதுதான் அதோட குறையும். உடையாததால எல்லார் வீட்லயும் மிஞ்சிடுச்சு."

"உடையாம இருந்தா விலை இல்லையா?" என்றான் அண்ணன் மகன்.

"மத்தவங்களோடது உடைஞ்சிருக்கணும் சார். உங்களோடது மட்டும் உடையாம இருக்கணும்."

பிறகு பழுப்பு நிற உருளைகள் ஏழையும் முன்னால் இழுத்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "இதுதான் விஷயம். இது வார்ப்பு இல்ல. ஒருத்தர் எதிர்ல நின்னு பாட, ஊசி நேரா மெழுகுல வெட்டினது. நகல் கிடையாது. உலகத்துலயே இது ஒண்ணுதான். டப்பாவ எடுங்கம்மா."

"டப்பா எதுக்கு?"

"மெழுகு மேல எதுவும் எழுத முடியாதே. பாடினது யாரு, என்னைக்கு, யாரு பதிஞ்சாங்க, எல்லாம் மூடிக்குள்ள ஒட்டின சீட்டுலதான் இருக்கும். அது இருந்தாதான் இது யாரோட குரல்னு சொல்ல முடியும்."

வார்டில் தப்பு நடந்தால் மறைக்கக் கூடாது. மறைத்தால் அடுத்த ஷிஃப்டில் ஆள் செத்துப்போவார். வார்டம்மா நின்றபடியே சொன்னாள். "டப்பா இல்ல. அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சப்போ கை சும்மா இருக்கறதுக்கு நான்தான் குடுத்தேன். பிச்சுப் போட்டுட்டாரு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அத்தை!" என்று எழுந்துவிட்டான் அண்ணன் மகன். "நோட்டுல எங்கயாவது எழுதி வெச்சிருப்பாரே அப்பா?"

"உங்கப்பா நோட்டுல எழுதுவாரா? திருடன் படிச்சுடுவான்னு வண்ணான் கணக்கயே மனசுல வெச்சிருந்தவரு."

ஏலக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தன் பெட்டியைத் திறந்தார். உள்ளே மின்சாரத்தில் ஓடும் ஒரு புது இயந்திரம். ஊசியைத் தாங்க இறகு மாதிரி ஒரு கை. "பழைய பெட்டியில போட்டா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேஞ்சுடும். இது அவ்வளவா தேய்க்காது. சில பதிவுல பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேரச் சொல்லுவாங்க. பாக்கலாம்."

ஆறு உருளைகளில் யாரும் பெயர் சொல்லவில்லை. ஊதல் வாத்தியம், ஒரு பிரசங்கம், ஒரு குழந்தையின் சிரிப்பு, அப்புறம் வெறும் இரைச்சல். ஏழாவது சுழன்றது. எண்ணெய் கொதிப்பது போன்ற சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் தொண்டையைக் கனைத்தாள். தூரத்தில் ஒரு ஆண், "ம், பாடுங்க" என்றான். அவள் பாடினாள்.

"இவதான்" என்றாள் வார்டம்மா.

ஒரு பெயரைச் சொன்னாள். அது ஒரு நாடக மேடைப் பாடகியின் பெயர். அவள் பாடினால் விளக்குக்காரன் விளக்கைத் தூண்ட மறந்துவிடுவான் என்று பழைய ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குரலை நேரில் கேட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. பதிவு எதுவும் மிஞ்சவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏலக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். "நிச்சயமாவா?"

"ஞாயித்துக்கிழம தவறாம போடுவாரு. போடறதுக்கு முன்னாடி மூடியத் திறந்து, சீட்ட வாய்விட்டுப் படிப்பாரு. பேரு, தேதி, அவளோட கையெழுத்து. முப்பது வருஷமா கேட்டிருக்கேன்."

"அம்மா, நான் உங்கள நம்பறேன். ஆனா சரக்கு உங்களோடது. உங்க வார்த்தய வாங்கறவன் ஒத்துக்க மாட்டான்." சற்று யோசித்து, அண்ணன் மகன் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு இதுல பங்கு உண்டா?"

"இல்ல. உயில்ல எல்லாம் அத்தைக்குத்தான்."

"நீங்க அந்தச் சீட்டப் பாத்திருக்கீங்களா?"

"பாக்காம? நான்தான் படிக்கணும்பாரு, படிக்கக் கத்துக்கிட்ட புதுசுல. தப்பா படிச்சா குட்டுவாரு."

ஏலக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப நீங்க ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இதுல ஒரு பைசா லாபம் இல்லாத ஆள் சொன்னா செல்லும். பேர் இருந்தா இது ஒரு சின்ன வீடும்மா. பேர் இல்லேன்னா ஒரு நல்ல நாற்காலி."

அண்ணன் மகன் கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான். மனைவியிடம் பேசினான். ரொம்ப நேரம் அவன் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்து, "அத்தை, ஒரு நிமிஷம் சமையக்கட்டுக்கு வாங்க" என்றான்.

உள்ளே போனதும் குழாயைத் திறந்துவிட்டான், சத்தத்துக்கு.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லையே அத்தை."

"குட்டு வாங்கினது ஞாபகம் இருக்கு, பேரு ஞாபகம் இல்லையா?"

"பாதின்னா ஞாபகம் வரும்."

வார்டம்மா அவனைப் பார்த்தாள். இடுப்புத் துணி மாற்றி வளர்த்த பிள்ளைதான். பாதி என்றால் வீடு கிடைக்காது; ஆனால் முதியோர் இல்லத்தில் தனி அறைக்கு முன்பணம் கட்டலாம். முதலில் ரத்தத்தை நிறுத்து, காரணத்தை அப்புறம் பார் என்பார் பழைய தலைமை நர்ஸ். பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொல்லப் போகிறான், அதற்கு விலை கேட்கிறான், அவ்வளவுதானே.

"சரி. அந்த ஆள்கிட்ட வாயத் திறக்காதே. கையெழுத்த மட்டும் போடு."

"எனக்குத் தெரியாதா?"

போய் உட்கார்ந்து எழுதினான். நன்றாகவே எழுதினான். சீட்டின் நிறம், மையின் நிறம், கையெழுத்தின் கடைசி எழுத்து கீழே வளைந்து இறங்கியது, எல்லாம் எழுதினான். ஒன்றும் மறந்திருக்கவில்லை. ஏலக்காரர் இரண்டு தரம் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். வார்டம்மா மூச்சை விட்டாள்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்" என்றான் அண்ணன் மகன், பேனாவை மூடிக்கொண்டே. "ஏலம் முடிஞ்சா செக்கு ரெண்டா தருவீங்களா? ஒண்ணு அத்தை பேர்ல, ஒண்ணு என் பேர்ல. பின்னாடி அலைச்சல் இருக்காது பாருங்க."

வார்டம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏலக்காரர் கோப்பைத் திறந்தார். கடிதத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. நாலாக மடித்து அவன் கையிலேயே கொடுத்தார். "நீங்க இத உங்க வீட்டுல வெச்சுக்கங்க சார்."

"ஏன், எழுதினது அத்தனையும் நிஜம் சார்!"

"இருக்கலாம். வேற யாராவது சீட்டப் பாத்திருக்காங்களா?"

யாரும் இல்லை. அண்ணன் வெளியாட்களை அந்த அறைக்குள்ளேயே விட்டதில்லை.

ஏலக்காரர் குறிப்பு எழுத ஆரம்பித்தார். வார்டம்மா தோளுக்கு மேலாக நின்று படித்தாள். பழுப்பு மெழுகு உருளை. வீட்டுப் பதிவு. பெயர் தெரியாத பெண் குரல். டப்பா இல்லை. நிலை மிக நன்று.

அவர் படியிறங்கியதும் அண்ணன் மகன் ஆரம்பித்தான். "நீங்க அந்த டப்பாவப் பத்திரமா வெச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது அத்தை. யாராவது அத விளையாடக் குடுப்பாங்களா?"

"டப்பா போனது என் தப்பு. ஒத்துக்கறேன். உங்கப்பா தோலப் பிச்சுக்கிட்டப்போ நீ வந்து கையப் பிடிச்சிருந்தா டப்பா தேவைப்பட்டிருக்காது. போ, பொண்டாட்டி போன்ல காத்திருப்பா. பாதி என்ன ஆச்சுன்னு சொல்லு."

நாற்பத்தொரு உருளைகளும் விற்றன. வந்த பணத்தில் ஒரு வருஷம் வாடகை கொடுக்கலாம், சாப்பிடாமல் இருந்தால். மூன்று மாதக் கெடு முடிவதற்கு நாலு நாள் முன்னதாக வார்டம்மா ஒரு ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கும் வேலைக்குப் போனாள். வயது அறுபத்துமூன்று என்றாள். "ஐம்பத்தஞ்சுன்னு போட்டுக்கறேன், யாரும் எண்ணிப் பாக்க மாட்டாங்க" என்றாள் அங்கிருந்த பெண். நோயாளி ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. வார்டம்மாவுக்கு அவர் கட்டிலை ஒட்டி ஒரு மடக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். துணிமணி வைக்க ஜன்னல் ஓரம் ஒரு தட்டு.

ஐந்து மாதம் கழித்து, ஒரு மத்தியானம் ஏலக்காரர் கூப்பிட்டார். நலம் விசாரித்தார். சொல்லவந்ததைச் சொல்லத் தயங்கினார்.

"சொல்லுங்க தம்பி. கஞ்சி ஆறுது."

"அந்தப் பெண் குரல வாங்கினவர் கேக்கறாரும்மா. இப்ப சரக்கு உங்களோடது இல்ல. உங்களுக்கு இதுல வரவும் இல்ல, செலவும் இல்ல. அதனால நீங்க எழுதிக் குடுத்தா செல்லும்."

வார்டம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எழுதிக் குடுத்தா எவ்வளவு ஏறும்?"

அவர் நேர்மையான ஆள். சொன்னார். ஒரு அறை, ஒரு அடுப்பு, உள்ளேயே குளியலறை. அதற்கு மேலேயும் மிஞ்சும்.

"யாருக்கு?"

"வாங்கினவருக்குத்தான்."

"எனக்கு?"

"ஒரு பைசா குடுக்க முடியாதும்மா. குடுத்தா செல்லாமப் போயிடும். உங்களுக்கே தெரியும். ஆனா அந்தப் பாடகி பேர் நிலைக்கும்மா. இல்லேன்னா அவ யாருன்னே யாருக்கும் தெரியாமப் போயிடும்" என்றார்.

"நூறு வருஷமா தெரியாமத்தான் இருந்தா. அவளுக்கு அதனால ஒரு குறையும் வந்துடல. செத்தவங்களுக்கு வாடகை கிடையாது தம்பி."

"அம்மா, கோபமா சொல்றீங்க."

"கோபம் இல்ல. உங்க மேல தப்பும் இல்ல. நான் உடைமைக்காரியா இருந்தப்போ என் வார்த்தைக்கு மதிப்பில்ல. எல்லாம் போனப்புறம் மதிப்பு வருது, வேற ஆளுக்கு. எங்கிட்ட மிச்சம் இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் சும்மா கேக்கறீங்க."

"அப்ப எழுதித் தரமாட்டீங்களா?"

"மாட்டேன்."

அதற்குப் பிறகும் அவர் இரண்டு தரம் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. ஆனால் அந்த முதல் தரம், கைபேசியை வைத்ததும், கட்டிலில் இருந்த தலைமையாசிரியர் கழுத்தைத் திருப்பிக் கேட்டார்.

"யாரும்மா போன்ல? இவ்வளவு நேரம் பேசற?"

"ஒரு வேலைக்குக் கூப்பிட்டாங்க சார். சம்பளம் இல்லாத வேல."

"போயிடாதே. எனக்கு வெளியாள் தொட்டா ஒத்துக்காது."

"போக எடம் இருந்தா இங்க ஏன் சார் இருக்கப்போறேன்? வாயத் திறங்க" என்று கரண்டியை நீட்டினாள்.